ஏரித் தண்ணியும் 97 சதவீதமும்

சென்னீர்குப்பத்துல இருந்து செம்பரம்பாக்கம் ஏரி வண்டியில போற தூரம்தான். அங்க ஒரு பாட்டில் தண்ணி மொண்டு, மீன்கள் உதிர்த்த டிஎன்ஏவை வச்சே என்னென்ன மீன் இருக்குன்னு பட்டியல் போடலாம். பேரு மெட்டாபார்கோடிங். நானும் முதல்ல வாயைப் பிளந்தேன். படிக்கப் படிக்கத்தான் சந்தேகம்.

முதல் ஓட்டை ஆய்வகத்துல. டிஎன்ஏவைப் பெருக்க பிசிஆர் ஓட்டுறாங்க. பிரைமர்ங்கிற கொக்கி எல்லா மீனுக்கும் ஒரே மாதிரி மாட்டாது. ஒண்ணு சுற்றுக்கு 1.9 மடங்கு, இன்னொண்ணு 1.8 மடங்கு பெருகுதுன்னு வைங்க. தம்மாத்தூண்டு வித்தியாசம்தானே? 35 சுற்று முடிஞ்சா ஆறரை மடங்கு!

ரெண்டாவது நம்ம ஏரியா, சாஃப்ட்வேர். சுமார் 170 எழுத்து நீளத் துண்டுகளை, 97 சதவீதம் ஒத்துப்போனா ஒரே இனம்னு சேர்த்தா, மூணு எழுத்து மட்டும் மாறுற ரெண்டு மீன் ஒண்ணாயிடும். தரவுத்தளத்துலயே இல்லாத மீனுக்குப் பேரே கிடைக்காது.

ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வாளர்கள் 2023-ல வெளியிட்ட சிலிகா ஏரி ஆய்வுல, இப்படிக் குறிப்பிட்ட துண்டை மட்டும் பிசிஆர்ல பெருக்குறதையே விட்டுட்டாங்க. முதல் ஓட்டை அடைஞ்சது. தரவுத்தள ஓட்டை அப்படியேதான் இருக்கு.

என் கட்சி இதுதான்: பிரைமர், சுற்று எண்ணிக்கை, கட்-ஆஃப், தரவுத்தளம் எதுன்னு சொல்லாத பட்டியலை நம்பாதீங்க. கான்ஃபிக் ஃபைல் தராம 'என் மெஷின்ல ஓடுதே'ன்னு சொல்ற கதைதான் அது :-)

நாளைக்கு யாராவது 'இந்த ஏரியில அந்த மீனே இல்லை'ன்னு பேப்பரை நீட்டிட்டு கரையில கட்டடம் கட்ட வந்தா, 'மீனே இல்லையா, உங்க செட்டிங்ல சிக்கலையா?'ன்னு கேக்கத் தெரியணும்.