அப்பாவுக்கு எந்தத் தூண்டில்?

தந்தையர் தினம் நெருங்கினால் விடுதியில் இதே கேள்விதான்: மீன்பிடிப் பிரியரான அப்பாவுக்கு என்ன வாங்குவது? பலரும் விலையுயர்ந்த தூண்டிலையே தேடுகிறோம். என் கருத்து வேறு. தூண்டில் அவரவர் கைப்பழக்கம். அதை அவரே தேர்ந்தெடுக்கட்டும்.

என் அப்பா தோமான் மீன் பிடிப்பது கிந்தா பள்ளத்தாக்கில், 1985-இல் ஈய விலை சரிந்தபின் கைவிடப்பட்ட ஒரு குட்டையில். கரையெல்லாம் மணல், காலடி சறுக்கினால் ஆழம். சொன்னால், “எனக்கு நீச்சல் தெரியும்” என்பார். தோட்டத்தில் வளர்ந்த நம் அப்பாக்கள் தங்களுக்கென்று பாதுகாப்புப் பொருள் வாங்கமாட்டார்கள்.

ஆகவே நண்பர்களே, கல்விக் கடனில் மிச்சம்பிடித்து ஓர் உயிர்காப்பு அங்கி வாங்குங்கள். அவர் எடையைத் தாங்குமா, வார்கள் இறுகுமா என்று பாருங்கள். ஒருநாள் கூடவே போய் மாட்டிவிடுங்கள். மீன் வராவிட்டாலும் அப்பா வீடு வரவேண்டும்.