ஆண்டை முழுதாக எழுதுவோம்

பற்றுச்சீட்டிலும் லீசிங் தவணையிலும் ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதுவதே நம் வியாபாரிகளின் வழக்கம். 2000ஆம் ஆண்டோடு அந்தச் சிக்கல் ஒழிந்ததென்று பலர் நினைக்கின்றனர். ஒழியவில்லை என்பேன். எக்செல்லின் பழைய வழமையான அமைப்பில் 29 என்றால் 2029. 30 என்றால் 1930! 2030இல் முடியும் கடைக் குத்தகையை அந்த அமைப்பில் 31/12/30 என்று பதிந்தால், முடிந்து 90 வருடங்களுக்கு மேலாகிவிட்டதாகக் கணக்குக் காட்டும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளமோ 69 வரை 2000களிலும், 70 முதல் 1900களிலும் சேர்க்கும். ஒரே 35, ஒன்றில் 1935, மற்றதில் 2035. விண்டோஸில் இந்த எல்லையை மாற்றலாம்தான். கணக்காய்வாளரின் கணினியில் அது மாறியிருக்காதே? நான்கு இலக்கம் தட்ட எவ்வளவு நேரம் பிடிக்கும்? மென்பொருள் செய்து தருபவரிடமும், இரண்டு இலக்க ஆண்டை ஏற்காத படிவத்தையே கேட்டு வாங்குங்கள்.