தேடாதது கிடைக்கும் இடம்

கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை 1880 அக்டோபர் 21 அன்று பார்க்கச் சென்றபோது, உ.வே.சாமிநாதையர் எதையும் தேடிப் போகவில்லை. என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று அடுக்கினார். முதலியார் அதில் நிறைவடையாமல், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டவருக்கு அந்த நூல் அதுவரை கைக்கு எட்டவில்லை. 1887-ல் சிந்தாமணியும் 1889-ல் பத்துப்பாட்டும் 1894-ல் புறநானூறும் அச்சேறியதற்கு அந்தச் சந்திப்பே தொடக்கம்.

ஆயத்தமான மனத்துக்கே தற்செயல் கைகொடுக்கும் என்ற லூயி பாஸ்டரின் கருத்தைக் காட்டி, எல்லாம் ஐயரின் புலமையால் விளைந்ததுதானே என்று கேட்கலாம். புலமை இல்லாமல் அந்தப் பதிப்புகள் இல்லை, உண்மைதான். ஆனால் அதே புலமை முந்தின நாளும் அவரிடம் இருந்தது. தம் பாடத்திட்டத்துக்கு வெளியே படித்த ஒருவர்தான் அதுவரை எதிர்ப்படவில்லை. சிந்தாமணியின் சமணக் கருத்துகள் விளங்காமல் அவர் திண்டாடியபோதும் இதுவே நடந்தது. அதே ஊரில் சமணக் குடும்பங்கள் அந்தக் காப்பியத்தை வீட்டில் முறையாகப் படித்துப் பொருள் கேட்டு வந்தன; புலவர் உலகத்துக்குத்தான் அது தெரியவில்லை. சிந்தாமணியின் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பெயர் சொல்லாமல் காட்டிய மேற்கோள்களின் மூலத்தைத் துழாவப் போய், வேறு பழம் நூல்களும் தட்டுப்பட்டன. ஆகவே தற்செயலுக்கு ஆளின் தகுதி மட்டும் போதாது. எதிர்பாராததைச் சந்திக்க வழியும் திறந்திருக்க வேண்டும்.

இன்று கணினியில் ஒரு நொடியில் தேடலாமே, ஏடுகளைப் புரட்டுவானேன் என்பது அடுத்த வாதம். பெயர் தெரிந்த நூலுக்குக் கணினி பேருதவி. பெயரே அறியாததை எப்படித் தட்டச்சிடுவது? தஞ்சை மாவட்டப் பண்டிதர் ஒருவர் மைசூர் கீழ்த்திசை நூலகத்துக்குத் தந்த சுவடியை நூலகர் சாமசாஸ்திரி படித்துப் பார்த்ததால்தான் 1909-ல் அர்த்தசாஸ்திரம் அச்சில் வந்தது. வாங்கி அடுக்கியதோடு விட்டிருந்தால் அது அங்கேயே கிடந்திருக்கும். ஏட்டுக்கட்டு ஒன்றில் பல நூல்கள் சேர்ந்திருப்பது வழக்கம். முதல் நூலின் பெயரை மட்டும் பதிந்து படமெடுத்தால் மற்றவை எந்தத் தேடலிலும் அகப்படா. எனவே மின்னாக்கத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு, சுவடியை ஏடு ஏடாகப் படித்து விவரப்பட்டியல் எழுதுவோருக்குப் போக வேண்டும். உடனடிப் பயன் காட்ட முடியாத செலவு என்று நிதித்துறை தயங்கும்; சிந்தாமணிக்காக ஐயர் செலவிட்ட ஏழாண்டுகளின் முதல் ஆண்டிலும் காட்டுவதற்கு அச்சிட்ட நூல் எதுவும் இல்லை.