நகல் எங்கே?

"வருமான வரியா? அது முதலாளிமார் சமாச்சாரம். கூலிக்காரனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று தோழர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது.

நூற்பாலையில் நான்கு வருஷம் ஷிப்டு பார்த்துவிட்டு நின்றுவிட்ட ஒரு பெண் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். அவர் பெயரில் சேமநல நிதியில் 80,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. 5 வருஷம் பூர்த்தியாகும் முன்பே 50,000 ரூபாயும் அதற்கு மேலும் எடுத்தால், நூற்றுக்குப் பத்து வீதம் வரியாகப் பிடித்துக்கொண்டுதான் மிச்சத்தைக் கொடுக்கிறார்கள். 8,000 ரூபாய் போயிற்று! பான் எண் கொடுக்காதவருக்கு நூற்றுக்கு இருபது. அவருடைய வருஷ வருமானமோ வரி கட்டும் எல்லையைத் தொடவே இல்லை. பிடித்த பணம் அவருடைய பணம். ஆனால், கணக்குத் தாக்கல் செய்து கேட்டால்தான் அது திரும்பி வரும்.

அதற்கு அவர் யாரிடம் போவார்? வையம்பட்டி கடைவீதியில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவரிடம். ஜனங்கள் அவரை 'ஆடிட்டர்' என்கிறார்கள். பரீட்சை எழுதித் தேறிய ஆடிட்டர் அல்ல. அதை நாம் குற்றமாகச் சொல்லவில்லை. நூறு இருநூறு வாங்கிக்கொண்டு நாணயமாக வேலை செய்து கொடுப்பவர்களும் அவர்களில் உண்டு. கேடு வேறிடத்தில் இருக்கிறது. கணக்கைத் திறக்கும்போது தம் கைபேசி எண்ணையே பதிவு செய்கிறார். ஈமெயிலும் அவருடையது. பாஸ்வேர்டும் அவர் கையில். "முடிஞ்சுதம்மா, பணம் பேங்குக்கு வரும்" என்று அனுப்பி விடுகிறார். கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. மறு வருஷம் வங்கியில் கடன் கேட்கப் போகும்போது, தாக்கல் செய்த கணக்கைக் கேட்கிறார்கள். கடைக்குப் போனால், "அப்புறம் வா" என்கிறார். அல்லது கடையே காலி!

கடனை அடைத்துவிட்டுப் புரோநோட்டைத் திரும்ப வாங்காதவன் கதிதான் இது.

இன்னும் விபரீதம் ஒன்று உண்டு. "அதிகமாக ரீபண்டு எடுத்துத் தருகிறேன், அதில் எனக்கு இவ்வளவு" என்று பேரம் பேசி, கொடுக்காத நன்கொடையையும் கட்டாத வாடகையையும் எழுதிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2025 ஜூலை 14ந் தேதி வருமான வரித்துறை நாடு முழுவதும் இப்படிப்பட்டவர்களின் இடங்களைச் சோதித்தது. பொய்க் கழிவு காட்டிய கூட்டங்கள் தமிழ்நாட்டிலும் உண்டு என்று அத்துறை அறிவித்தது. ஏராளமான கணக்குகளைத் தாக்கல் செய்வதற்கென்றே தற்காலிக ஈமெயில்களை உண்டாக்கிப் பிறகு கைவிட்டுவிடுகிறார்கள். அதனால் அனுப்பிய நோட்டீஸ்கள் படிக்கப்படாமலே கிடக்கின்றன என்றும் அதே அறிவிப்பு கூறியது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் 1,045 கோடி ரூபாய்ப் பொய்க் கழிவுகளைத் தாமாகவே வாபஸ் வாங்கினார்களாம்.

எழுதியவர் அவர், பொறுப்பு யாருக்கு? உங்களுக்கு! கணக்கு உங்கள் பெயரில் இருக்கிறது. பொய்த் தகவல் தந்ததாக முடிவானால், ஏய்த்த வரியைப் போல் இருமடங்கு அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தான் என்ன எழுதிக் கொடுத்தோம் என்று தெரியாத தொழிலாளி எந்த முகத்தோடு பதில் சொல்வார்?

காகிதம் யார் கையில் இருக்கிறதோ அவன் கையில்தான் குடுமி என்பது விவசாயத் தொழிலாளர்களுக்குப் புதிய பாடம் அல்ல. கர்ணம் வீட்டுத் திண்ணையில் சிட்டாவுக்கும் அடங்கலுக்கும் காத்துக் கிடந்த காலத்தை நம் பெரியவர்கள் மறக்கவில்லை. கர்ணம் பதவி 1980ல் ஒழிந்தது. இன்று கணினிக் கடையில் வேறொரு திண்ணை முளைக்க நாம் விடலாமா?

ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். கடைக்காரரிடம் இருப்பது நகல்தான். அசல் வருமான வரித்துறையிடம் இருக்கிறது. அவர் தயவு நமக்குத் தேவையில்லை. துறையின் இணையதளத்தில் உங்கள் பான் எண்தான் நுழையும் பெயர். பாஸ்வேர்டு தெரியாவிட்டால், ஆதாரோடு இணைந்த கைபேசிக்கு வரும் ரகசிய எண்ணைக் கொண்டு புதிதாக வைத்துக்கொள்ளலாம். உள்ளே போனதும் முதல் வேலையாக அவருடைய கைபேசி எண்ணையும் ஈமெயிலையும் நீக்கி உங்களுடையதைப் பதியுங்கள். பிறகு தாக்கல் செய்த கணக்கு, 15 இலக்க எண் கொண்ட ஒப்புகைச் சீட்டு, உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் ஆகிய மூன்றையும் இறக்கி அச்செடுத்து வையுங்கள். ஆதாரில் கைபேசி எண் சேராதவர்கள் முதலில் ஆதார் மையத்தில் அதைச் சேர்க்க வேண்டும். கணக்கில் பொய் கண்டால் மூடி மறைக்காதீர்கள். திருத்திய கணக்குக் கொடுக்க வழியிருக்கிறது. தாமதமானால் கூடுதல் வரி ஏறும்.

தனியாள் இதையெல்லாம் செய்வது கடினம்தான். சங்கங்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, படித்த வாலிபர் ஒருவரை உட்கார வைத்து இந்த வேலையைச் செய்து கொடுக்கட்டும். பாஸ்வேர்டைச் சங்கமும் வைத்துக்கொள்ளக் கூடாது!

சர்க்காரையும் நாம் சும்மா விடப் போவதில்லை. ஈமெயிலில் ஆங்கில நோட்டீஸ் போட்டுவிட்டு, "பதில் இல்லை" என்று அபராதம் போடுவது என்ன நியாயம்? வீட்டு விலாசத்துக்குத் தபாலில், தமிழில் அனுப்பட்டும். திருச்சி கண்டோன்மென்டில் உள்ள வருமான வரி அலுவலகம் மணப்பாறையிலும் வையம்பட்டியிலும் முகாம் போடட்டும். ஒரு நாள் கூலியை இழந்து, பஸ் ஏறி அங்கே போக எத்தனை பேரால் முடியும்?

அதுவரை, கடையில் பணத்தை எண்ணி வைக்கும் முன்பு கணக்கின் நகலையும் ஒப்புகைச் சீட்டையும் கேட்டு வாங்குங்கள். பாஸ்வேர்டை அங்கேயே மாற்றிக்கொண்டு எழுந்திருங்கள்.