புளியங்கொட்டையும் புற்றுநோய் மருந்தும்

மாசி, பங்குனியில் பாவூர்சத்திரம் வட்டாரத்தில் புளி உலுக்கி, ஓடு தட்டி, கொட்டை எடுப்பார்கள். புளிக்கு விலை பேசும் விவசாயி, கொட்டையை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார். பழத்தின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொட்டைதான் என்பதை அவர் நினைப்பதில்லை.

ஆரியங்காவு கணவாய்க்கு அப்பால், திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்து ஆய்வாளர்கள் இக்கொட்டைப் பருப்பின் பசையைப் பிரித்தெடுத்து, டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்துடன் சேர்த்து நானோ துகள்களாக்கினர். மில்லிமீட்டரை 10 லட்சம் கூறு போட்டால் ஒரு கூறு நானோமீட்டர். அந்தக் கணக்கில் அளக்கும் துகள்கள் இவை. டாக்சோரூபிசின் கட்டியைத் தாக்கும், இதயத்தையும் கெடுக்கக்கூடும். பசையுடன் சேர்ந்தபோது எலிகளில் அந்தக் கெடுதல் குறைந்ததாக 2014-ல் முடிவு வெளியிட்டனர்.

சோதனை எலிகளில் நடந்தது. ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மருந்தல்ல. கொட்டையை வறுத்துப் பொடித்துக் குடித்தால் கட்டி கரையும் என்று எவரேனும் சொன்னால் நம்பக்கூடாது. ஆய்வில் மருந்தைச் சுமக்கும் வண்டியாகத்தான் பசை வேலை செய்தது. பொடியை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து.

மருந்துக்கென்று கொட்டை விலை ஏறிவிடும் என எதிர்பார்ப்பதும் வீண். மருந்துக்குத் தேவை கொஞ்சமே. பாவு நூலுக்குக் கஞ்சி போடவும், சணல் ஆலைக்கும்தான் கொட்டை மாவு மூட்டை மூட்டையாக வேண்டும். ஆகவே கொட்டையை நன்கு உலர்த்தி, வண்டு விழாமல் வைத்து, நாலைந்து பேர் சேர்ந்து மாவு ஆலையிலேயே நேரடியாக விலை கேட்பது நல்லது.