சோதனைப் பைக்குள் காணாமல் போன மாசு: சுவர் செய்த வேலை என்ன?

பெட்ரோல், பெயின்ட், தின்னர் இவற்றிலிருந்து கிளம்பும் டொலுயீன் ஆவி, காற்றில் எவ்வளவு மாசுத் துகளாக மாறுகிறது? ஆய்வகங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த விடை உண்மையைவிடக் குறைவு என்று 2014-ல் தெரியவந்தது. காரணம், சோதனை நடந்த பையின் சுவர்!

ஆவி எப்படித் துகள் ஆகிறது?

பிஎம் 2.5 நுண்துகள் எல்லாமே புகையாக நேரடியாக வருவதில்லை. டொலுயீன் போன்ற கரிம ஆவிகள் வெயிலில் வேதிமாற்றம் அடைந்து, எளிதில் ஆவியாகாத பொருட்களாகின்றன. பிறகு காற்றில் மிதக்கும் துகள்கள் மேல் படிந்துவிடுகின்றன. எவ்வளவு படிகிறது என்று அளக்க, அறை அளவுள்ள டெஃப்லான் பைக்குள் ஆவியை நிரப்பி, விளக்கொளியில் வினைபுரிய விடுவார்கள்.

டெஃப்லானில்தான் எதுவும் ஒட்டாதே?

நான்ஸ்டிக் தவாவில் பூசப்படும் அதே டெஃப்லான்தான். துகள்கள் சுவரில் ஒட்டுவது முன்பே தெரியும். அதைக் கணக்கில் சேர்த்தார்கள். ஆவியைத்தான் பலரும் கண்டுகொள்ளவில்லை. ஊறுகாய் வைத்த பிளாஸ்டிக் டப்பாவை எத்தனை முறை கழுவினாலும் வாசனை போவதில்லை, இல்லையா? அதுபோலத்தான் இதுவும். கரிம ஆவிகள் டெஃப்லானுக்குள் ஊடுருவுகின்றன, திரும்பவும் வெளியே வருகின்றன என்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாக ஆய்வாளர்கள் 2010-ல் காட்டினர். எளிதில் ஆவியாகாத பொருள் என்றால் சுவருக்குப் போகும் பங்கு இன்னும் அதிகம். துகளாக மாறக்கூடியவையும் இவையேதான்.

எவ்வளவு குறைந்தது?

கால்டெக் நிறுவனத்தில் ஜான் சைன்ஃபெல்டின் குழு, பைக்குள் அம்மோனியம் சல்பேட் துகள்களை வெவ்வேறு அளவில் விட்டுப் பார்த்தது. ஆவி படிய அதிக இடம் கிடைத்தபோது, டொலுயீனிலிருந்து உருவான துகளும் கூடியது. அப்போ, இடம் குறைந்தபோது ஆவி போனது சுவருக்குத்தான். இந்த இழப்பால் பழைய அளவீடுகள் 4 மடங்கு வரைகூடக் குறைவாக இருந்திருக்கலாம் என 2014-ல் அக்குழு தெரிவித்தது. எல்லா ஆவிக்கும் இதே கணக்கு பொருந்தாது. பொருளுக்குப் பொருள் மாறும்.

நமக்கு என்ன?

தெருவில் கருவி காட்டும் பிஎம் 2.5 அளவு இதனால் மாறப்போவதில்லை. அதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற கணக்குதான் மாறுகிறது. காற்று மாசைக் கணிக்கும் கணினி மாதிரிகள் இந்தச் சோதனை எண்களைத்தான் நம்பியிருக்கின்றன. எண் குறைந்தால், பெட்ரோல் ஆவிக்கும் பெயின்டுக்கும் உரிய பழி குறைந்துவிடும். கட்டுப்பாடு வேறு பக்கம் போய்விடும்.

சுவரே இல்லாத சோதனை அறை கிடையாது. உலோகச் சுவரும் ஆவியைப் பிடிக்கும். எனவே சுவர் எவ்வளவு விழுங்குகிறது என்பதைத் தனியே அளந்து, கணக்கில் சேர்ப்பதுதான் வழி. பழைய எண்களை அப்படியே எடுத்து விதிமுறை வகுத்தால், சுவர் விழுங்கிய மாசைத் தெருவில் நடப்பவர்கள்தான் சுவாசிக்க வேண்டியிருக்கும்.