இரண்டு முறை இறந்த குரு!

அமெரிக்கப் படமான "அவெஞ்சர்ஸ்" 2012-ல் வெளிவந்தது. அதில் வரும் கோல்சன், அபூர்வ சக்தி எதுவும் இல்லாத சாதாரண அதிகாரி. வில்லன் லோகி அவரைக் குத்திக் கொன்றுவிடுகிறான்.

ரசிகர்கள் கொதித்தார்கள். "கோல்சன் உயிரோடு இருக்கிறார்" என்று டுவிட்டரில் எழுதினார்கள், சட்டையிலும் அச்சிட்டார்கள்.

கோல்சன் திரும்பி வந்தார்! 2013-ல் ஏ.பி.சி. டெலிவிஷனில் "ஏஜெண்ட்ஸ் ஆப் ஷீல்டு" தொடர் தொடங்கியது. கோல்சனாக நடித்தவர் அதே கிளார்க் கிரெக். டெய்சி என்ற இளம்பெண்ணுக்கு அவரே குரு.

2018-ல் கோல்சனை மீண்டும் மரணம் நெருங்கியது. அவரைப் பிழைக்க வைக்க ஒரே ஒரு மருந்து இருந்தது. அதை அவர் போட்டுக்கொள்ளவில்லை. டெய்சியின் கைக்கவசத்தில் ரகசியமாக வைத்துவிட்டார்! அந்த மருந்தின் பலத்தால் அவள் எதிரியை வென்றாள். உலகம் பிழைத்தது. கோல்சன் தம் கடைசி நாட்களைக் கழிக்க டஹிட்டி தீவுக்குப் போனார்.

ரசிகர்கள் இம்முறை கண்ணீர் விட்டார்கள்.

முன்பு கோபம், இப்போது கண்ணீர். ஏன் இந்த மாற்றம்?

முதலில் அவர் உயிரை எதிரி பறித்தான். பின்னர் அவரே மாணவிக்காக விட்டுக்கொடுத்தார்.

2019-ல் அதே முகத்துடன் வேறு ஒருவன் வந்தான். பிறகு கோல்சனைப் போன்ற இயந்திர மனிதன் வந்தது. பழைய கோல்சன் மட்டும் வரவில்லை.

பறித்த உயிரைத் திருப்பிக் கேட்கலாம். மனமுவந்து கொடுத்ததை எப்படிக் கேட்பது?